ஆறு வார்த்தை உங்களிடம், ஆறு அவரிடம்

ஜூன் 4

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கடிதம் எழுதுவதற்கு மன்னிக்கவும். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு தபால்தலை ஒட்டுகிறாளே என்று சிரிப்பீர்கள். நான்கு முறை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நீங்கள் பேசியிருப்பீர்கள், நான் 'ம்' கொட்டிவிட்டு வைத்திருப்பேன். காகிதத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வாய் இருக்கிறது.

"சித்தப்பா பணத்தப் போட்டுட்டாரா?" என்று சித்தியிடம் கேட்டது உளவு பார்க்க அல்ல. உங்களிடம் நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். அதற்காகக் கோபித்துக்கொண்டீர்கள் என்று சித்தி சொன்னார்.

லிஃப்ட் கம்பெனியிலிருந்து நீங்கள் ஓய்வு பெற்ற அன்று, வீட்டில் சாப்பாடு முடிந்ததும், ஓய்வுப் பணத்தைப் போடலாம் என்று, சட்டைப்பையிலிருந்து அந்த இணைய டோக்கன் கம்பெனியின் பிரசுரத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தீர்கள். எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி, "நம்ம குடும்பத்துல காலேஜ் படியேறுன முதல் ஆளு இவதான். நீ சொல்லும்மா, இது சரிதானா?" என்று கேட்டீர்கள். நான் தலையாட்டினேன். மூன்று மாதமாக அந்தத் தலையாட்டல் என் கழுத்தில் வலித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு சந்தேகம். நூறு டோக்கன் இருந்தால் ஆண்டுக்குப் புதிதாகப் பன்னிரண்டு உருவாக்குவோம் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. நோட்டை அதிகமாக அச்சடித்தால் நோட்டின் மதிப்பு போய்விடும் என்று செய்தி பார்க்கும்போதெல்லாம் திட்டுவீர்களே. இங்கே டோக்கன் கூடிக்கொண்டே போகிறது, விலையும் ஏறிக்கொண்டே போகிறது. எப்படி என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

இன்னொன்று. அந்தப் பிரசுரம் உங்கள் கைக்கு எப்படி வந்தது?

அன்புடன்,
உங்கள் மகள்


ஜூன் 10

வாயே திறக்காத என் கமுக்கத்துக்கு,

எனக்கு எழுத்து நடையெல்லாம் வராது. பேசுற மாதிரியே எழுதுறேன். படிச்சவ நீ, திருத்திப் படிச்சுக்க.

ஃபோன எடுக்கலன்னு கேக்குற. கேக்க வேண்டிய அன்னிக்கு உன்கிட்டதான கேட்டேன்? எல்லாரையும் வச்சுக்கிட்டு கேட்டேன். தலைய ஆட்டுன. போட்டு முடிச்ச பிறகு உங்க சித்திகிட்ட போய் துருவுற. என்னைய என்னன்னு நெனச்ச?

நீ கேட்டதுக்குப் பதில் அந்தப் பேப்பர்லயே இருக்கு. அடிக்கோடு போட்டு வச்சிருக்கேன். 'கால் வளரும், ஷூ வளராது. அதனால் ஷூவைக் கொஞ்சம் பெரிதாக வாங்குகிறோம். புதிய டோக்கன்கள், வளரப்போகும் காலுக்கு முன்கூட்டியே வாங்கிய ஷூ.' புரியுதா? டோக்கன் பன்னெண்டு வருது. அத வாங்குறதுக்கு முப்பது பேர் புதுசா வர்றான். அப்ப விலை ஏறாம என்ன பண்ணும்? எழுதுனவன் யாரோ தெரியல, நம்ம வீட்டு ஆளு மாதிரி எழுதிருக்கான். எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னாங்க, ஒண்ணும் மண்டைல ஏறல. இத ஒரு தடவ படிச்சேன், போதும்னு ஆயிருச்சு.

கொண்டுவந்து குடுத்தது மேலாள். உனக்குத் தெரியுமே, என் கூட்டாளி. முப்பத்தோரு வருஷம் அவன் மேல மோட்டார் ரூம்ல, நான் கீழ குழில. அவன் மேலாள், நான் கீழாள். அவனும் ஓய்வுப் பணம் மொத்தத்தையும் போட்டுட்டான். பயப்படாத, பாதுகாப்பாத்தான் வச்சிருக்கோம்.

லிஃப்டுக்குள்ள இறங்கி வேல பாக்குறவன் மெயின் சுவிட்ச அணைச்சு சொந்தப் பூட்டு ஒண்ணு மாட்டணும். ரெண்டு பேருன்னா ரெண்டு பூட்டு. மத்தவனெல்லாம் அவனவன் சாவிய அவனவன் பைல வச்சுக்குவான். நாங்க மட்டும் மாத்திக்குவோம். என் சாவி அவன் பைல, அவன் சாவி என் பைல. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்காம கரன்ட்டு வராது. சூப்பர்வைசர் எத்தனையோ தடவ திட்டிருக்கான். நாங்க அந்தப் பழக்கத்த விடல.

இதுலயும் அப்படித்தான். கணக்குத் திறக்க, பாஸ்வேர்டு மாதிரி, ஆளுக்குப் பன்னெண்டு வார்த்தை குடுத்தான் கம்பெனிக்காரன். சீட்டுல எழுதி ரெண்டா கிழிச்சோம். என்னோடதுல முதல் ஆறு என்கிட்ட, பின் ஆறு அவன்கிட்ட. அவனோடதும் அதே மாதிரி. கை சும்மா இருக்காதுன்னு ஃபோன்ல இருந்து கணக்க அழிச்சிட்டோம். இப்ப நானே நெனச்சாலும் அவன் இல்லாம திறக்க முடியாது.

போதுமா?

சித்தப்பா


ஜூன் 17

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அடிக்கோடு போட்ட வரியை நீங்கள் எழுதியிருந்த இடத்தில் கடிதத்தைக் கொஞ்ச நேரம் மடித்து வைத்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பணம் போட்டவர்களை நான் கேலி செய்யவில்லை. எல்லா டோக்கனும் மோசடி என்றும் சொல்லவில்லை. ஒரு டோக்கனைக் கொடுத்தால்தான் ஒரு வேலை நடக்கும், அந்த வேலை தேவைப்படுகிறவர்கள் டோக்கன் பிறப்பதைவிட வேகமாகப் பெருகுகிறார்கள் என்றால், விலை ஏறுவது நியாயம். சில கம்பெனிகள் வாங்கும் கட்டணத்தில் ஒரு பகுதி டோக்கனை அழித்துவிடுகின்றன. பிறப்பதைவிட அழிவது அதிகமானால் இருப்பு குறையும், அதனாலும் விலை ஏறும். இதெல்லாம் உண்மை.

மூன்றாவது ஒரு வழி இருக்கிறது. உங்களைப் போல, குறிப்பிட்ட நாள் வரை விற்க முடியாதபடி கம்பெனியிடமே பூட்டி வைப்பது. நூறில் எண்பதைப் பூட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைமாறுவது இருபதுதான். விலையைத் தீர்மானிப்பதும் அந்த இருபதுதான். புதிதாகப் பிறக்கும் பன்னிரண்டும் பூட்டியவர்களுக்கே பரிசாகப் போகிறது, அவர்கள் அதையும் உள்ளேயே வைத்துப் பூட்டுகிறார்கள். அதனால் பெருகியது யார் கண்ணிலும் படுவதில்லை. உங்களுக்கு டோக்கன் கூடியது என்று சித்தியிடம் சந்தோஷப்பட்டீர்களாம். பூட்டிய எல்லோருக்கும் அதே அளவு கூடியது. வரிசையில் எல்லோரும் ஓரடி முன்னால் நகர்ந்தால் நம் இடம் மாறியதாக ஆகாது.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பெரிய ஷூவுக்குள்ளே கால் இருக்கிறதா?

இந்த டோக்கனைக் கொடுத்தால் நம் படங்களையும் கோப்புகளையும் பல நாட்டுக் கணினிகளில் பத்திரமாக வைப்பார்கள் என்று பிரசுரம் சொல்கிறது. யார் எப்போது வைத்தார்கள் என்ற பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர் இருக்காது, நேரம் இருக்கும். நான் இரண்டு வாரம் தினமும் பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு ஆரம்பிக்கிறது. ஒரு மணிக்கு நின்றுவிடுகிறது. ஒன்றே முக்காலுக்கு மறுபடி தொடங்குகிறது. ஆறு மணிக்கு மேல் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே இல்லை.

உலகம் முழுவதும் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போவார்களா, சித்தப்பா?

அன்புடன்,
உங்கள் மகள்


ஜூன் 24

கமுக்கத்துக்கு,

உன் லெட்டர மேலாளுக்குப் படிச்சுக் காட்டுனேன். அவன் ஒண்ணு சொன்னான், எழுதவே கை கூசுது. "பயம் காட்டுறவன் யாரு? சீப்பா வாங்க வந்தவன். உன் மக யாருக்காக இதெல்லாம் பாக்குறா, கேளு."

நான் அவன்கிட்ட சண்ட போட்டேன். "எம் மக அப்படிப்பட்டவ இல்லடா"ன்னேன். வீட்டுக்கு வந்து படுத்தேன், தூக்கம் வரல. அவன் கேட்டதும் நியாயமாத்தான பட்டுது. நீ என்ன வேல பாக்குறன்னு எனக்குத் தெரியாது. 'எழுதுற வேல' அப்படின்ன. என்ன எழுதுற, யாருக்கு எழுதுற, ஒரு நாளும் சொன்னதில்ல. திடீர்னு ரெண்டு வாரமா உக்காந்து மணி பாத்துக் குறிச்சிருக்க. யாரு சொல்லிக் குறிச்ச? அன்னிக்குத் தலையாட்டுனவ இன்னிக்கு மூணு பக்கம் எழுதுறன்னா நடுவுல என்ன நடந்துச்சு?

விலை போன வாரமும் ஏறிருக்கு. அதையும் பாத்தியா, இல்ல சாப்பாட்டு நேரத்த மட்டும்தான் பாத்தியா?

ஜூலை இருபதாம் தேதி காலைல பூட்டு திறக்கும். மூணு நாள். எடுக்கலைன்னா தானா ஒரு வருஷத்துக்குப் பூட்டிக்கும். எடுக்க வேணாம்னுதான் நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம்.

வீடு காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரர் வந்துட்டுப் போனார். அடுத்த வருஷம் இந்தப் பணத்துல சொந்தமா ஒரு ரெண்டு ரூம் வீடுன்னு உங்க சித்தி தெனமும் சுவத்துக்கு என்ன கலர் அடிக்கலாம்னு கேட்டுக்கிட்டு இருக்கா. அவகிட்ட இந்தச் சாப்பாட்டு மணி கதையெல்லாம் சொல்லாத.

பேப்பரோட கடைசிப் பக்கத்துல இன்னொரு வரியும் இருக்கு. 'இந்த வார்த்தைகளை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கேட்பவர் சொந்த ரத்தமே ஆனாலும் திருடர் என்றே எண்ணுங்கள்.' சும்மா ஞாபகம் வந்துச்சு.

சித்தப்பா


ஜூலை 1

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான்கு நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

மேலாள் சித்தப்பா கேட்டது சரியான கேள்வி. நான் எழுதும் அலுவலகம் மூன்றாவது மாடியில் ஒரு நீளமான அறை. ஏழு மேசை. மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் காகிதம், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியின் கையேடு, கடன் விண்ணப்பம், எது வந்தாலும் நம் மொழியில் எளிமையாக எழுதிக் கொடுப்போம். போன வருடம் எங்கள் தலைமை எடிட்டர் இருபது பக்க ஆங்கிலக் காகிதத்தை என் மேசையில் போட்டு, "இது யாருக்கும் புரியாது. ஒருத்தருக்குப் புரியற மாதிரி எழுது. யாரையாவது மனசுல வச்சுக்கிட்டு எழுது" என்றார்.

எனக்குத் தெரிந்தவர்களில் ஆங்கிலம் படிக்காத, ஆனால் எதையும் கழற்றிப் பார்த்துப் புரிந்துகொள்ளும் ஆள் நீங்கள் ஒருவர்தான். உங்களை எதிரே உட்காரவைத்து எழுதினேன்.

ஆறாம் வகுப்பில் எனக்கு இரண்டு அளவு பெரிய ஷூ வாங்கி, முன்பக்கம் துணியைத் திணித்துக் கொடுத்து, "கால் வளரும், ஷூ வளராது" என்றீர்கள். அது உங்கள் வரி. நம் வீட்டு ஆள் எழுதிய மாதிரி இருந்தது என்றீர்களே, அது நம் வீட்டு ஆள் எழுதியதுதான். உங்களிடமிருந்து எடுத்து உங்களுக்கே விற்றிருக்கிறேன்.

அன்று நீங்கள் அதைச் சத்தமாகப் படித்தபோது ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் நிஜம். என் எழுத்தை எங்கள் வீட்டில் ஒருவர் படித்து, கோடு போட்டு, எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். எழுதுவதற்கு முன்பு நான் எதையும் சரிபார்க்கவில்லை. சரிபார்ப்பது என் வேலை இல்லை என்று நினைத்தேன். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது, தேட ஆரம்பித்தேன்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அறைக்கு அடுத்து, உள்ளே நடப்பது வெளியே தெரியாத கண்ணாடி போட்ட ஓர் அறை உண்டு. நான்கு பேர் வேலை செய்கிறார்கள். பேசமாட்டார்கள். ஒரு மணிக்கு வெளியே வந்து, ஒன்றே முக்காலுக்கு டப்பாவைக் கழுவிவிட்டு உள்ளே போவார்கள். குழாயடியில் நான் பக்கத்தில் நிற்பேன். பதிவேட்டில் ஒரு மணியைப் பார்த்தபோதே எனக்கு உறுத்தியது. உறுத்தலை வைத்து யார் மீதும் பழி போடக்கூடாது என்று சும்மா இருந்தேன்.

போன வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்குக் கட்டடத்தில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது. அந்த நான்கு பேரும் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் இன்னொருவரிடம், "இன்னிக்கு நூறாச்சும் தேறுமா?" என்றார். "கரன்ட் வந்தா வேகமாப் போட்டுக்கலாம்" என்றார் அவர். நாற்பது நிமிடம் கழித்து விளக்கு வந்தது. மாலை வீட்டில் பதிவேட்டைத் திறந்தேன். பதினொன்றே காலிலிருந்து பதினொன்று ஐம்பத்தைந்து வரை உலகத்தில் ஒருவர்கூட ஒரு கோப்பைக்கூட வைக்கவில்லை. அதற்குப் பிறகு அரை மணி நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டு.

ஷூ பெரிதாகிக்கொண்டே போகிறது, சித்தப்பா. உள்ளே கால் இல்லை. அந்த நான்கு பேரும் துணியைத்தான் திணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

விலை ஏறுவதைப் பார்த்தேன். ஆனால் ஒரு நாளில் நிஜமாக வாங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒருவர் மொத்தமாக விற்றால் அந்த விலை நிற்காது. முதலில் விற்பவருக்கு ஏதோ கிடைக்கும், அடுத்தவருக்கு மிச்சம்தான். யாரும் விற்காத வரைக்கும்தான் அந்த விலை.

இருபதாம் தேதி எடுத்துவிடுங்கள்.

உங்கள் மகள்


ஜூலை 8

மகளுக்கு,

உன் லெட்டர் வந்து மூணு நாள் ஆச்சு. முத நாள் கிழிச்சுப் போடலாம்னு நெனச்சேன். ரெண்டாம் நாள் அந்த ஷூ ஞாபகம் வந்துச்சு. வலது கால் ஷூல துணி பத்தலன்னு என் பனியன்ல இருந்துதான் கிழிச்சு வச்சேன். அதையும் எழுதிருக்கலாம்.

உம்மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்.

நேத்து மேலாள் வீட்டுக்குப் போனேன். நீ எழுதுனத அவன்கிட்ட படிக்கல. "இருபதாம் தேதி எடுத்துடலாம்டா"ன்னு மட்டும் சொன்னேன். அவன் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் கேட்டான், "உனக்கு என்ன சேதி வந்துச்சு?"

எல்லாத்தையும் சொன்னேன். சொல்லிருக்கக் கூடாதோ என்னமோ. முதல்ல விக்கிறவனுக்குத்தான் விலைன்னு நீ எழுதுனதையும் சேத்துச் சொல்லித் தொலச்சிட்டேன்.

"சரி, அப்ப உன்கிட்ட இருக்குற என் ஆறு வார்த்தையக் குடு"ன்னான்.

"நீ என்னோடதக் குடு"ன்னேன்.

"நீதான வந்து கேட்ட, நீ முதல்ல குடு."

"ஏன், குடுத்தா நீ முதல்ல வித்துட்டுப் போறதுக்கா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுது. அவன் பொண்டாட்டி டீ வச்சுக் குடுத்தாங்க. ரெண்டு பேரும் குடிக்கல. அவன் உயிர் எத்தன வருஷம் என் சட்டைப் பைல கெடந்திருக்கு, என்னோடது அவன் பைல. ஒரு நாளாவது 'நீ முதல்ல'ன்னு கேட்டிருக்கோமா? நேத்து சட்டைப் பையக் கையால பொத்திக்கிட்டு ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்.

வர்றேன்னு கூடச் சொல்லாம வந்துட்டேன். இப்ப அவன் எனக்கு ஃபோன் எடுக்கல.

இருபதாம் தேதி வந்தா வரட்டும். ரெண்டு பேரும் திறக்கப் போறதில்ல. பணம் அங்கயே கெடக்கும். சித்தி இன்னிக்கு நீல கலர் நல்லாருக்கும்னா. சரின்னேன்.

சித்தப்பா


ஜூலை 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மறுபடியும் எழுதுவதற்கு மன்னிக்கவும். இதை இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று மேலாள் சித்தப்பாவுக்கு. இரண்டிலும் ஒரே வரிகள்தான், ஓர் எழுத்தும் கூடவோ குறையவோ இல்லை. வேண்டுமானால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வேலையை விட்டுவிட்டேன். தலைமை எடிட்டரிடம் கண்ணாடி அறையைப் பற்றிக் கேட்டேன். "அது நம்ம ஓனரோட இன்னொரு கம்பெனி. உனக்கு எதுக்கு? நீ எழுதுற, அவங்க பண்றாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவரும் என்னைப் போலத் தலையாட்டியவராக இருக்கலாம். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

பதிவேட்டில் பார்த்த நேரங்கள், மின்சாரம் போன நாள், அந்த அறை எல்லாவற்றையும் எழுதி, இதையெல்லாம் விசாரிக்கும் அலுவலகத்துக்கு ஒரு புகார் தயாராக வைத்திருக்கிறேன். பிரசுரத்தை எழுதியது நான்தான் என்பதும் அதில் இருக்கிறது. அதை இருபதாம் தேதி மாலை நேரில் கொடுக்கப் போகிறேன். ஏன் இன்றே கொடுக்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அது வெளியே வந்தால் அன்றே விலை விழும். பதில் நீங்கள்தான். உங்களிடமிருந்து வாங்கப்போகிறவரும் என் வரியைப் படித்தவராகத்தான் இருப்பார் என்று தெரியும். அவருக்கும் ஒரு சித்தி இருப்பார். அதனால் போட்ட தொகை வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஏறிக் காட்டுவதை உள்ளேயே விட்டுவிடுங்கள். இது சரி என்று நான் சொல்லவில்லை. இதைவிடச் சரியாக எனக்குச் செய்யத் தெரியவில்லை. எடுத்தாலும் போட்டது முழுசாக வருமா என்றும் தெரியாது.

பனியனைப் பற்றி எனக்குத் தெரியாது. வலது கால் எப்போதும் கொஞ்சம் மெத்தென்று இருந்தது.

இருபதாம் தேதி காலை முதல் பேருந்தில் வருகிறேன். உங்கள் வீட்டிலும் வேண்டாம், அவர் வீட்டிலும் வேண்டாம். உங்கள் பழைய கம்பெனி எதிரே இருக்கும் டீக்கடையில், பின்பக்க மேசையில். இரண்டு பேருடைய ஃபோனும் மேசை மேல் திறந்து இருக்கட்டும். ஒருமுறை உங்களுடையதில் கொஞ்சம் விற்போம், அடுத்த முறை அவருடையதில் அதே அளவு. முதலில் யார் என்பதற்கு நாணயம் சுண்டிக்கொள்ளலாம். பிறகு மாறி மாறி. கடைசியில் இரண்டு பேருக்கும் எவ்வளவு வந்ததோ அதைக் கூட்டிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்படி என்றால் முதலில் விற்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் சீட்டுகளை யாராவது நீட்ட வேண்டும். நீங்கள் நீட்டமாட்டீர்கள், அவரும் நீட்டமாட்டார்.

சீட்டுகளை மாற்றிக்கொண்டதை நீங்கள் எழுதிய நாளிலிருந்து ஒன்றைக் கேட்க நினைத்து, ஒவ்வொரு முறையும் கடைசி வரிக்கு வந்ததும் விட்டுவிட்டேன். நீங்கள் ஞாபகம் வந்தது என்று எழுதினீர்களே, யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், சொந்த ரத்தமே ஆனாலும் திருடர் என்று எண்ணுங்கள் என்ற வரி, அது ஆங்கிலக் காகிதத்தில் இல்லை. உங்களை நினைத்துப் பயந்து நானாகச் சேர்த்தது. அந்தப் பிரசுரம் முழுவதிலும் எனக்குச் சந்தேகம் இல்லாத ஒரே வரி.

இப்போது அதை மீறச் சொல்லிக் கேட்கிறேன். உங்களிடம் இருக்கும் இரண்டு சீட்டும், மேலாள் சித்தப்பாவிடம் இருக்கும் இரண்டு சீட்டும், நான்கையும் ஒரே நேரத்தில் என் கையில் கொடுங்கள்.

உங்கள் மகள்